தசைச் சுருக்கம்: மருத்துவப் பக்கக் கட்டுரைக்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரு வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் வெளியான, தசைகளின் அமைப்பும் இயக்கமும் பற்றிய கட்டுரை தொடர்பாக இக்கடிதத்தை எழுதுகிறேன். என்புகளை அசைக்கும் வன்கூட்டுத் தசைக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை அரைப்பக்கம் ஒதுக்கியதைக் கண்டு முதலில் மகிழ்ந்தேன். கொழும்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உயர்தர வகுப்புகளுக்குத் தமிழ்மொழி மூலம் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருத்திக்கு அந்த மகிழ்ச்சி இயல்பானதுதானே. ஆனால் கட்டுரையில் உள்ள மூன்று கூற்றுகள் பிழையானவை. அவற்றுள் இரண்டு, தசை வேலை செய்யும் விதத்தையே தலைகீழாகக் காட்டுகின்றன.

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கும், இவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவுள்ள பிள்ளை ஒருத்தி, அந்தக் கட்டுரையைக் கத்தரித்துக் கொப்பியில் ஒட்டிக்கொண்டு, பாடநூலையும் கையில் எடுத்துக்கொண்டு மாலையில் வந்து கதவைத் தட்டினாள். "ரீச்சர், பேப்பரிலை ஒரு மாதிரி இருக்கு, புத்தகத்திலை வேறை மாதிரி இருக்கு. சோதினைக்கு எதை எழுதுறது?" என்று கேட்டாள். புத்தகத்தில் உள்ளதை எழுது என்று சொல்லி அனுப்புவது இலகு. ஆனால் அச்சில் வந்ததை நம்பும் பிள்ளைக்கு, அச்சிலேயே திருத்தமும் வருவதுதான் முறை என்று எனக்குப் பட்டது.

கட்டுரையாசிரியர், "தசை சுருங்கும்போது அதனுள் இருக்கும் இழைகள் இறப்பர் நாடாவைப்போலச் சுருங்கிக் குட்டையாகின்றன" என்று எழுதியிருக்கிறார். தசை குட்டையாகிறது என்பது உண்மை. இழைகள் குட்டையாவதில்லை. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மனிதருக்கு நெடுங்காலம் எடுத்தது என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

நன்றாக வெந்த கோழியின் நெஞ்சிறைச்சியை விரலால் பிய்த்தால் அது நூல் நூலாகப் பிரிவதை எல்லோரும் கண்டிருப்போம். அந்த நூல் ஒவ்வொன்றையும் ஒரு தசைநார் என்று பலர் நினைப்பதுண்டு. கண்ணுக்குத் தெரியும் அந்த நூல் உண்மையில் பல தசைநார்கள் சேர்ந்த கட்டு. ஒரு தசைநாரின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரைதான் இருக்கும், ஆனால் நீளமோ பல சென்ரிமீற்றர் வரை செல்லும். அவ்வளவு நீளமான நார் முழுவதும் ஒரே கலம். கருவில் இருக்கும்போது பல சிறு கலங்கள் ஒன்றோடொன்று இணைந்து அது உருவாவதால், நூற்றுக்கணக்கான கலக்கருக்கள் அதன் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். அக்கலத்தினுள்ளே, ஒன்று அல்லது இரண்டு மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள நுண்நார்கள், ஈர்க்குக்கட்டில் ஈர்க்குகள் கிடப்பதுபோல நீளவாக்கில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நுண்நாரும் குறுக்கே கோடிடப்பட்டு, இரண்டு அல்லது இரண்டரை மைக்கிரோமீற்றர் நீளமான துண்டுகளின் தொடராக அமைந்திருக்கிறது. அந்தத் துண்டுக்கு நமது பாடநூல்கள் தந்த பெயர் தசைப்பாத்து. பாத்து என்றால் பங்கு. பகிர்ந்துண்பதைப் பாத்தூண் என்று சொன்ன பழந்தமிழிலிருந்து எடுத்த சொல். கலைச்சொல் ஆக்கியவர்கள் எவ்வளவு நிதானமாக வேலை செய்திருக்கிறார்கள் என்று இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

தசைப்பாத்தின் இரு முனைகளிலும் இசட் கோடுகள் உள்ளன. அவற்றிலிருந்து உள்நோக்கி, அக்ரின் என்ற புரதத்தாலான மெல்லிய இழைகள் நீண்டிருக்கின்றன. நடுவில் மயோசின் என்ற புரதத்தாலான தடித்த இழைகள் கிடக்கின்றன. தடித்த இழையின் நீளம் ஏறத்தாழ 1.6 மைக்கிரோமீற்றர், மெல்லிய இழையினது ஏறத்தாழ 1 மைக்கிரோமீற்றர். தடித்த இழைகள் கிடக்கும் பகுதி நுணுக்குக்காட்டியில் கருமையாகத் தெரியும். அதை ஏ பட்டி என்கிறோம். மெல்லிய இழை மட்டும் உள்ள வெளிறிய பகுதி ஐ பட்டி. கருமையான பட்டியின் நடுவே, மெல்லிய இழைகள் எட்டாத இடம் எச் வலயம்.

இழைகள் சுருங்குகின்றன என்றால், தசை குட்டையாகும்போது ஏ பட்டியும் ஒடுங்கவேண்டும் அல்லவா? அது ஒடுங்குவதில்லை. 1954ஆம் ஆண்டு மே மாதம் நேச்சர் சஞ்சிகையின் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளிவந்த இரு ஆய்வுக் கட்டுரைகள் இதைத்தான் காட்டின. ஒன்றை எழுதியவர்கள் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும். மற்றையதை எழுதியவர்கள் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர், இரு குழுவினரும் தனித்தனியாகவே வேலை செய்தனர். தசை குட்டையாகும்போது ஏ பட்டியின் அகலம் மாறாமலே இருக்கிறது, ஐ பட்டியும் எச் வலயமும் மட்டும் ஒடுங்குகின்றன என்பதே இருவரும் கண்டது. மெல்லிய இழைகள் தம் நீளம் மாறாமல் தடித்த இழைகளின் இடைவெளிக்குள் வழுக்கிச் செல்கின்றன என்றால்தான் இதற்குப் பொருள் உண்டு. நம் மாணவர் இதை வழுக்கும் இழைக் கொள்கை என்று படிக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சில நுணுக்குக்காட்டி வல்லுநர்கள் ஏ பட்டி மாறாமல் இருப்பதைக் கவனித்து எழுதிவைத்திருந்தும், புரதங்கள் மடிந்து சுருளுகின்றன என்ற எண்ணம் பின்னர் ஓங்கியதால் அந்தக் கவனிப்பு மறந்துபோயிற்று. தங்கள் கட்டுரையாசிரியர் இன்னும் அந்த மறதிக் காலத்திலேயே நிற்கிறார் என்று சொன்னால் அவர் கோபிக்கக் கூடாது.

1966இல் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் அவருடைய இரு சகாக்களும் செய்த அளவீடு இதை இன்னும் உறுதியாக்கியது. தவளையின் ஒற்றைத் தசைநாரை அவர்கள் படிப்படியாக நீட்டி, ஒவ்வொரு நீளத்திலும் அது பிறப்பிக்கும் விசையை அளந்தார்கள். தசைப்பாத்து 2 முதல் 2.2 மைக்கிரோமீற்றர் வரை இருக்கும்போது விசை உச்சத்தில் இருந்தது. நீட்ட நீட்டக் குறைந்துகொண்டே வந்து, ஏறத்தாழ 3.65 மைக்கிரோமீற்றரில், அதாவது இருவகை இழைகளும் ஒன்றன்மேல் ஒன்று சற்றும் படியாத நிலையில், விசையே இல்லாமற்போனது. இழைகள் தாமாகச் சுருங்குவனவாக இருந்தால் ஒன்றையொன்று தொடாதபோதும் இழுக்கத்தானே வேண்டும்?

அப்படியானால் இழைகளை வழுக்கச் செய்வது எது? வகுப்பில் இதை விளக்க நான் எப்போதும் கரைவலையைத்தான் துணைக்கு அழைப்பேன். நீர்கொழும்புப் பக்கமோ கிழக்குக் கரையிலோ கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கடலுக்குள் போன கயிறு குட்டையாவதில்லை. வரிசையாக நிற்பவர்கள் கயிற்றைப் பற்றி, பின்னே சாய்ந்து இழுத்து, கையை விட்டு, முன்னே எட்டி மறுபடி பற்றுகிறார்கள். கயிறு இருந்தபடியே இருக்க, வலை கரைக்கு வருகிறது. தடித்த இழை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 300 மயோசின் மூலக்கூறுகள் உள்ளன; ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள். அந்தத் தலைகளே இழுப்பவர்களின் கைகள். ஒரு தலை அக்ரின் இழையைப் பற்றி, மடங்கி, அதை ஒருமுறை இழுக்கும் தூரம் ஐந்து முதல் பத்து நனோமீற்றர் வரை. பிறகு விட்டுவிட்டு, நிமிர்ந்து, அடுத்த இடத்தைப் பற்றுகிறது. தடித்த இழையின் இரு பாதிகளிலும் தலைகள் எதிரெதிர்த் திசைகளில் அமைந்திருப்பதால், இரு பக்கத்து மெல்லிய இழைகளும் நடுவை நோக்கி வருகின்றன, இசட் கோடுகள் நெருங்குகின்றன. ஒரு வேறுபாட்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடவேண்டும். கரைவலைக்காரர் அம்பாப் பாடலுக்கு ஒரே தாளத்தில் இழுப்பார்கள். தசையில் தாளம் இல்லை. ஒரு தலை விடும்போது இன்னொன்று பிடித்திருக்கும். எல்லாம் ஒருசேர விட்டால் கயிறு மீண்டும் கடலுக்குப் போய்விடும்.

இறப்பர் நாடா என்று அவர் எழுதியதற்கு முற்றாக ஆதாரம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தடித்த இழையை இசட் கோட்டுடன் இணைக்கும் டைட்டின் என்ற புரதம் ஒன்று உண்டு. மனித உடலில் அறியப்பட்டுள்ள புரதங்களுள் அதுவே மிகப் பெரியது. அது உண்மையிலேயே சுருள்வில்லைப்போல நீளும், மீளும். ஆனால் அதன் வேலை தசை அளவுக்கு மீறி நீளாமல் தடுப்பதும், நீண்டதை மீட்பதும், தடித்த இழையை நடுவில் நிறுத்திவைப்பதும்தான். மரக்கறிப் பையைத் தூக்குவது டைட்டின் அன்று.

மரக்கறிப் பை என்றதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. புயத்தின் முன்பக்கத் தசையில் 10 சென்ரிமீற்றர் நீளமான ஒரு நாரை எடுத்துக்கொள்வோம். தசைப்பாத்து ஒன்று 2.5 மைக்கிரோமீற்றர் என்றால், அந்த நாரில் 40,000 தசைப்பாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் அரை மைக்கிரோமீற்றர் மட்டும் குறுகினாலே முழு நாரும் 2 சென்ரிமீற்றர் குறுகிவிடும். அந்தத் தசை முழங்கை மூட்டிலிருந்து ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் தள்ளி என்பில் பொருந்துகிறது, உள்ளங்கையோ மூட்டிலிருந்து 35 சென்ரிமீற்றர் அளவில் இருக்கிறது. ஆகவே தசையின் 2 சென்ரிமீற்றர் கையில் 17 சென்ரிமீற்றருக்கு மேலாகிறது. இந்த வசதிக்கு விலையும் உண்டு. வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய 3 கிலோகிராம் மரக்கறியை முழங்கையை மடித்துத் தூக்கிப் பிடித்திருக்கும்போது, மடக்கும் தசைகள் ஏறத்தாழ 26 கிலோகிராம் பாரத்துக்கு ஈடான விசையைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன, முன்கையின் நிறையைச் சேர்க்காமலே. அப்படிப் பிடித்துக்கொண்டு பேருந்துக்குக் காத்து நிற்கும் நேரத்தில் தசையின் நீளம் மாறுவதே இல்லை. தலைகள் மட்டும் பற்றி, விட்டு, பற்றிக்கொண்டே இருக்கின்றன. சுருக்கம் என்ற சொல்லே இங்கு நம்மைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. ஆனால் ஊறிப்போன சொல்லை இனி மாற்றவும் முடியாது.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. "தசை சுருங்குவதற்கே சக்தி தேவை, தளர்வது தானாக நிகழ்வது, அதற்குச் சக்தி வேண்டியதில்லை" என்று கட்டுரை சொல்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பிடிப்பதற்குத்தான் பலம் வேண்டும், விடுவதற்கு எதற்கு என்று எவருக்கும் தோன்றும். தசையில் நடப்பது வேறு.

மயோசின் தலை அக்ரினைப் பற்றி இழுத்து முடித்ததும், அது தானாக விடுவதில்லை. கலத்துக்குச் சக்தியைச் சுமந்து தரும் ஏ.ரி.பி. மூலக்கூறு ஒன்று வந்து அத்தலையில் பொருந்தினால்தான் பிடி கழலும். கழன்ற பின் அந்த ஏ.ரி.பி. உடைந்து தரும் சக்தியைக் கொண்டு தலை நிமிர்ந்து, அடுத்த இழுப்புக்கு ஆயத்தமாகிறது. ஏ.ரி.பி. வராவிட்டால் தலை பிடித்தது பிடித்தபடியே நின்றுவிடும். இதற்குச் சாட்சி தேடி ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டியதில்லை. நம் வீடுகளில் ஒருவர் இறந்தவுடன் பெரியவர்கள் செய்யும் முதல் வேலை என்ன? நாடியைத் துணியால் சேர்த்துக் கட்டுவார்கள், கண்ணை மூடிவிடுவார்கள், கால்களை நேராக்கிப் பெருவிரல்கள் இரண்டையும் பிணைத்துவிடுவார்கள். என் தாயார் காலமான இரவில், "கெதியாய்ச் செய்யுங்கோ, பிறகு வளையாது" என்று மாமி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. மாமி ஏ.ரி.பி. பற்றிப் படித்தவர் அல்லர். சுவாசம் நின்றபின் தசைக்கலங்களில் ஏ.ரி.பி. உண்டாவது படிப்படியாக நின்றுபோய், சில மணி நேரத்தில் கையிருப்பும் தீர்ந்துவிட, தலைகள் பற்றிய இடத்திலேயே பூட்டிக்கொள்கின்றன. முகத்திலும் தாடையிலும் முதலில் தெரியும் அந்த விறைப்பு பின்னர் உடல் முழுவதும் பரவுகிறது. நம்முடையதைப் போன்ற வெப்பமான நாடுகளில் அது விரைவாகத் தொடங்கி விரைவாகவே நீங்கும். நீங்குவதும் தலைகள் மனமிரங்கி விட்டதாலன்று. புரதங்களே சிதையத் தொடங்குவதால்தான்.

மீன் வாங்குகிறவர்களும் இதை அறிவார்கள். பேலியகொடையிலிருந்து விடியற்காலையில் வந்திறங்கும் பாரையைத் தலைப்பக்கம் பிடித்துக் கிடையாக நீட்டினால், வால் தொங்காமல் தடிபோல நிற்கும். அப்படி நின்றால் நல்ல மீன் என்று எங்கள் சந்தை வியாபாரி அடித்துச் சொல்வார். ஐஸில் உறைந்ததால் வந்த விறைப்பு வேறு, அதையும் இதையும் அவர் விரலால் அமுக்கியே பிரித்துவிடுவார். பூட்டிக்கொண்ட மயோசின் தலைகளைத்தான் அவர் அமுக்கிப் பார்க்கிறார் என்று ஒருநாள் சொன்னேன். "அப்ப ரீச்சர், இண்டைக்கு எத்தினை கிலோ?" என்றார்.

தளர்வுக்குச் சக்தி செலவாகும் இடம் இன்னொன்றும் உண்டு. ஓய்விலுள்ள தசையில் மெல்லிய இழையைச் சுற்றித் துரோபோமயோசின் என்ற புரதம் கிடந்து, தலைகள் பற்றவேண்டிய இடங்களை மறைத்துக்கொண்டிருக்கும். நரம்பின் கட்டளை வந்ததும், கலத்தினுள்ளே பைகளைப் போலப் பரந்திருக்கும் முதலுருச் சிறுவலையிலிருந்து கல்சியம் அயன்கள் வெளியேறி, துரோபோனின் என்ற புரதத்துடன் சேர்கின்றன. துரோபோனின் துரோபோமயோசினை ஒதுக்கிவிட, தலைகளுக்கு வழி திறக்கிறது. கல்சியத்தின் இந்தப் பங்கை நிலைநாட்டித் துரோபோனினை 1960களில் கண்டறிந்தவர் ஜப்பானிய விஞ்ஞானி செற்சுரோ எபாஷி. தசை தளரவேண்டுமானால் அந்தக் கல்சியம் முழுவதும் மறுபடி பைகளுக்குள் போகவேண்டும். செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு எதையும் ஏற்றுவது கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது போன்றது, சும்மா நடக்காது. இரண்டு கல்சியம் அயன்களை ஏற்ற ஓர் ஏ.ரி.பி. செலவாகிறது. ஆகவே தளர்வு தானாக நிகழ்வது என்ற வாக்கியத்தை அப்பிள்ளை பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்காது.

இத்தனை செலவுக்கும் தசையில் இருக்கும் ஏ.ரி.பி. கையிருப்பு, முழு வேகத்தில் இரண்டு மூன்று செக்கன்களுக்குத்தான் போதும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அதன்பின் தசையில் சேமித்துள்ள கிரியேற்றின் பொசுபேற்று என்ற பொருள் கைகொடுத்து, அது ஏறத்தாழப் பத்துச் செக்கன் வரை தாங்கும். 2022 ஜூலையில் நம் நாட்டு ஓட்டவீரர் யுப்புன் அபேகோன் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி முடித்தபோது, அவருடைய தொடைத் தசைகள் பெரும்பாலும் இந்த இரு கையிருப்புகளையும், ஒட்சிசன் இல்லாமல் குளுக்கோசை உடைப்பதையும் நம்பியே ஓடின. காலிமுகத்திடலில் மாலையில் நடப்பவர்களின் தசைகளோ கலத்தின் சக்தி ஆலைகளான இழைமணிகளை நம்பி, ஒட்சிசனைக் கொண்டு ஆறுதலாக உழைக்கின்றன.

நரம்பின் பங்கைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. இடம் போதாமல் இருந்திருக்கலாம். நரம்பு முனையிலிருந்து அசற்றைல்கோலின் வெளிவந்து தசைநாரைத் தூண்டுகிறது என்பதோடு அது நின்றுவிட்டது. தூண்டிய பின் அந்த அசற்றைல்கோலினை உடனடியாக உடைத்தெறிய ஒரு நொதியம் அங்கேயே காத்திருக்கிறது என்பதுதான் நம் நாட்டவர் கட்டாயம் அறிந்திருக்கவேண்டிய பகுதி. ஏனெனில் நம் தோட்டங்களிலும் வயல்களிலும் நெடுங்காலம் தெளிக்கப்பட்ட ஓகனோபொசுபரசுப் பூச்சிகொல்லிகள் முடக்குவது அந்த நொதியத்தைத்தான். கட்டளை முடியாமல் தொடர்ந்தால் தசை முதலில் துடித்து, பின்னர் செயலிழந்துபோகிறது. இத்தகைய நஞ்சேறியவர்களில், முதற்கட்ட ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணும் வேளையில், அதாவது ஒரு நாள் முதல் நான்கு நாள்களுக்குள், கழுத்துத் தசைகளும் தோள், இடுப்பை அடுத்த தசைகளும் சுவாசத் தசைகளும் தளர்ந்துபோகும் ஒரு நிலையைப் பெயரிட்டு விவரித்து 1987இல் உலகுக்கு அறிவித்தவர்கள் நம் நாட்டு வைத்தியர்களான நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும் ஆவர். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமை அதன் முன்னறிகுறிகளுள் ஒன்று என்று இன்று மருத்துவ மாணவர் எங்கும் படிக்கிறார்கள். இலங்கைப் பத்திரிகையொன்றின் தசைபற்றிய கட்டுரையில் இதற்கு இரண்டு வரி கிடைக்காமற்போனது எனக்கு மனக்குறையே.

மூன்றாவது கூற்று வலியைப் பற்றியது. கடுமையாக வேலை செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தோன்றும் நோவுக்கு இலற்றிக்கமிலம் தேங்கிக் கிடப்பதே காரணம் என்று எழுதப்பட்டிருக்கிறது. உடற்பயிற்சி நிலையங்களிலும் இதைத்தான் சொல்லுகிறார்கள். ஆனால் பயிற்சியின்போது கூடிய இலற்றேற்று, அதாவது உடலில் அவ்வமிலம் இருக்கும் வடிவம், ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் குருதியிலிருந்து நீங்கிவிடுகிறது. இதயமும் ஈரலும் அதை எடுத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன. நோவோ இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வருகிறது. சிவனொளிபாதமலைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். ஏறும்போதுதான் மூச்சு வாங்கும், இலற்றேற்றும் அப்போதுதான் கூடும். ஆனால் வீட்டுக்கு வந்தபின் கதிரையில் இருந்து எழும்ப விடாமல் தொடையைப் பிடிப்பது, இறங்கிய அந்த ஆயிரக்கணக்கான படிகள்தான். படி இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை உடலின் பாரத்தைத் தாங்கியபடியே நீளவேண்டியிருக்கிறது. பிடித்துக்கொண்டிருக்கும் தலைகளை வெளியிலிருந்து யாரோ வலிந்து இழுப்பதைப் போன்ற நிலை அது. சில தசைப்பாத்துகள் அளவுக்கு மீறி நீட்டப்பட்டு, இசட் கோடுகள் நெளிந்து குலைந்துபோவதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்திருக்கிறார்கள். அச்சிறு சேதமும் அதைத் தொடர்ந்து வரும் அழற்சியுமே நோவைத் தருகின்றன. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளர் புதிதாக வேலைக்கு வந்த இளைஞர்களிடம், "ஏத்தம் பரவாயில்லை, இறக்கம்தான் ஆளை முறிக்கும்" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். நல்ல வேளையாக, ஒருமுறை இப்படி நொந்த தசை அடுத்த முறை அவ்வளவு நோவதில்லை.

இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதை இவற்றோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. அது தசைக்கலத்தின் ஏ.ரி.பி. தீர்ந்ததால் வருவதன்று, இயக்க நரம்புகள் கட்டுப்பாடின்றிக் கட்டளை அனுப்புவதோடு தொடர்புடையது. காற்பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கித் தசையை நீட்டினால் விடும். நம் ஆட்கள் எதற்கெடுத்தாலும் "நரம்பு இழுக்குது" என்று சொல்வதை வகுப்பில் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். இந்த ஓரிடத்தில் மட்டும் அவர்கள் சொல்வது அவ்வளவு பிழையில்லை.

இறுதியாகச் சொல் பற்றி ஒன்று. கட்டுரையில் தசைநார் என்ற ஒரே சொல் நான்கு பொருள்களில் வருகிறது. ஓரிடத்தில் அது தசைக்கலத்தைக் குறிக்கிறது. இன்னோரிடத்தில் தசையை என்போடு பிணைக்கும் நாணை. துடுப்பாட்ட வீரரின் முழங்கால் காயம் பற்றிய பந்தியில் என்பை என்போடு கட்டும் இணையத்தை. ஓரிடத்தில் அக்ரின் இழையையே. தமிழ்நாட்டு வெளியீடுகளிலிருந்து எடுத்த பகுதிகளும் நம் பாடநூற் சொற்களும் கலந்துபோனதால் இது நேர்ந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். எந்தச் சொல்லை எடுப்பது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, ஆனால் எடுத்த சொல்லை அக்கட்டுரை முடியும் வரையாவது ஒரே பொருளில் வைத்திருக்கவேண்டும்.

இவ்விடயத்தில் தங்களிடம் கேட்பது இரண்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே பக்கத்தில், கண்ணில் படக்கூடிய அளவு எழுத்தில், அம்மூன்று கூற்றுகளுக்கும் திருத்தம் வெளியிடவேண்டும். இனிமேல் உடற்றொழிலியல் சார்ந்த கட்டுரைகளை அச்சேற்றுமுன் அத்துறையில் கற்பிக்கும் ஒருவரிடம் காட்டவேண்டும். கூலி எதுவும் கேளாமல் வாசித்துத் தர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்நகரில் பலர் இருக்கிறோம், மூக்குக்கண்ணாடி மட்டும் எங்களிடமே உண்டு. மூன்றாம் மாடிப் பிள்ளையிடம், ஒட்டிய கட்டுரையைக் கிழிக்கவேண்டாம், அதற்கு எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டுவை என்று சொல்லியிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.